அப்பளம் காய்கிற நேரம்

போன வாரம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, கல்லிடைக்குறிச்சியில் என் அப்பளக் கம்பெனியில் பாதி நாள் வேலை ஓடவில்லை. எல்லோரும் அப்பளம் இடுகிற செல்வியின் செல்போனைச் சுற்றி நின்றார்கள். நானும்தான்!

முதலாளிக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா?

நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். இன்று என் அப்பளம் துபாய் வரை போகிறது. வாய்ப்பை மோப்பம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை... என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் பாளையங்கோட்டையிலிருந்து மெர்சி என்ற பெண் வந்தாள். சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவள். நான் பர்ஸை எடுத்தேன்.

"அண்ணாச்சி, நன்கொடைக்கு வரல. அப்பளம் காயுத நேரம் மட்டும் வேணும்."

"அது எதுக்கும்மா?"

"மத்தியானம் ரெண்டு மணி நேரம் எல்லாரும் சும்மாதான இருக்காவ? பத்தாவதுல கணக்குல மட்டும் ஃபெயிலானவங்க இங்கன ஆறு பேரு. கேட்டுட்டுத்தான் வாரேன்."

இத்தனை வருஷமாக என் கூரைக்குக் கீழேயே கிடந்த இரண்டு மணி நேரம்! என் கண்ணில் படவில்லையே?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு ஊரெல்லாம் டியூஷன். ஒரே பாடத்தில் விழுந்து வேலைக்கு வந்துவிட்டவளை யார் தேடுகிறார்கள்? மெர்சி கம்பெனி கம்பெனியாக ஏறி, "எதுல போச்சு?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். கணக்கு, கணக்கு, கணக்கு! அதை மட்டும் சொல்லிக்கொடுக்க எடுத்துக்கொண்டாள். சரக்கைத் தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான்.

ஃபீஸும் உண்டு. "இலவசம்னா பாதியில நின்னுருவாவ அண்ணாச்சி." நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம்!

செல்விக்குப் பதினெட்டு வயது. இரண்டு தடவை கணக்கில் போனவள். இந்த வருஷம் அவள் தங்கையும் பத்தாவது எழுதினாள். "அவ மட்டும் பாஸானா, அவளுக்கு டிபன் கட்டிக் கொடுத்து ப்ளஸ் ஒன் அனுப்பிட்டு நான் இங்கன வருவேன்" என்றாள். அதற்கப்புறம் ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடவில்லை.

தங்கை பாஸ் என்று முதலிலேயே தெரிந்துவிட்டது. செல்வியின் ரிசல்ட்? நெட் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அண்ணாச்சி, பைய தள்ளி நில்லுங்க. சிக்னல மறைக்கிய!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கணக்கு — நாற்பத்தொன்று. பாஸ்!

ஆறு பேரில் ஐந்து பேர் தேறிவிட்டார்கள். ஆறாவது பெண் மூலையில் அழுதாள். "ஏட்டி, நாளைக்கே ஆரம்பிப்போம். மறுதேர்வு இருக்குல்லா?" என்றாள் மெர்சி, மற்றவர்களுக்குக் கை கொடுப்பதற்கு முன்பே.

செல்வி என்னிடம் தயங்கித் தயங்கி வந்தாள். "ஸ்கூல் தொறந்தா நாங்க நின்னுருவோமே அண்ணாச்சி. அப்பளத்த யாரு இடுவா?"

"அத நான் பாத்துக்கிடுதேன். ஏட்டி, நீ போ!"

ஆகவே, என் கம்பெனிக்கு ஆட்கள் தேவை. கணக்கில் ஃபெயிலானவர்களுக்கு முன்னுரிமை.