ஒரே தாருக்கு மூன்று ஏலம்

நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்த அந்தப் பெண் எங்களிடம் வைத்த நிபந்தனை ஒன்றுதான். தன் படத்தைப் போடக் கூடாது.

அவளுடைய அப்பாவும் அப்போது கூட இருந்தார். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். வாழை மண்டியில் தார் ஏற்றி இறக்கும் வேலை. வாழைக்கறை ஏறிப் பழுப்பாகிப்போன துண்டை மடியில் வைத்துக்கொண்டு, மகள் பேசுவதைத் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டாப்பு படிக்கையில ஒரு சங்கத்துல ஸ்கூல் பை குடுத்தாங்க சார்" என்றாள் அந்தப் பெண். "ஒரு பையை எட்டு பேரு பிடிச்சுக்கிட்டு நிக்காங்க. என் கை எங்கன இருக்குன்னு தேடித்தான் பாக்கணும். மொகம் மட்டும் நல்லாத் தெரியும். அதை இப்பவும் எங்க கிளாஸ் குரூப்ல போட்டுச் சிரிக்காங்க."

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் அமைப்பு எனக்குத் தெரியும். பல வருடங்கள் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தபோது அதே மாதிரிப் படங்களுக்கு வாரந்தோறும் 'நலத்திட்ட உதவி வழங்கப்பட்டது' என்று அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். வழங்கியவர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக வரும். வாங்கியவரின் பெயரை யாரும் அனுப்புவதில்லை.

நாங்கள் மூன்று பேர். பாளையங்கோட்டையில் பழைய மிஷன் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், படிப்பை நிறுத்த வேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார். அவர் வீட்டுத் தெருமுனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி இரண்டாவது ஆள். நான் எழுதுவதற்கு. "உமக்கு அளவா எழுத வரும். அழுதுகிட்டே எழுத மாட்டீரு" என்று சொல்லித்தான் டீச்சர் என்னைச் சேர்த்துக்கொண்டார். வருகிற பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுப்பதில்லை, நேராகக் கல்லூரியில் கட்டிவிட்டு, பெயரை மறைத்து ரசீதைப் பக்கத்தில் போடுவோம் என்பது எங்கள் முறை.

அந்தப் பெண் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சலுகை அவளுக்குக் கிடையாது. முதல் வருடக் கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் நான் ஒரு பத்தி எழுதிப் போட்டேன். மதிப்பெண், அப்பாவின் வேலை, கட்ட வேண்டிய தொகை. படம் இல்லை.

கீழே வந்த கருத்துகளில் பாதி கும்பிடும் கைகள். மீதியில் பெரும்பாலானவை கேள்விகள். பெண் யார்? போட்டோ போடலாமே? வீட்டைக் காட்டுங்கள், கூரையா ஓடா? ஒருவர் வீடியோவாக எடுத்து, பெண்ணே பேசினால் 'ரீச்' கிடைக்கும் என்று ஆலோசனை சொன்னார். பணம் வந்தது, ஆனால் சொட்டுச் சொட்டாக. ஒரு வாரம் கழிந்தபோது தேவையில் கால்வாசிகூடச் சேரவில்லை.

ஏலம் விடலாம் என்பது டீச்சரின் யோசனை.

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தால், மக்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் பூசணிக்காயையும் சேவலையும் தேங்காயையும், கோவில் என்றே நாங்கள் சொல்லும் சர்ச் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுப்பவர் சந்தை விலை பார்ப்பதில்லை. கோவிலுக்குப் போகிற காசு என்று கூட்டித்தான் கேட்பார். அண்ணாச்சி அவருடைய சபையில் வருடா வருடம் ஏலம் விடுகிறவர். அவர் வாய்ப்பேச்சைக் கேட்பதற்காகவே அடுத்த சபைக்காரர்களும் வந்து நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்த பிறகு, இரும்புக்கடை முன்னால் நேரலை தொடங்கியது. அந்தப் பெண்ணின் அப்பா மண்டியிலிருந்து கோழிக்கூடு ரக வாழைத்தார் ஒன்று கொண்டுவந்திருந்தார். மண்டி முதலாளி சும்மா கொடுத்தது. கடையில் தராசு தொங்கும் கொக்கியில் தாரை மாட்டினார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் இருபது பேருக்கு மேல் நாற்காலியில் இருந்தார்கள். போனுக்குள்ளிருந்து பார்த்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. தாமிரபரணித் தண்ணி குடிச்ச தார்" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. "ஐநூறு. யாரு வே ஐநூறு? என்ன, பக்கத்து வீட்டுக்காரரு மேல பாக்காரு? மேல ஓடுதான் இருக்கு, துட்டு இல்ல. அறுநூறு. மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் எழுநூறு. ஏலே, இங்கன இருக்கிறவன் வாயைத் திறங்கலே, மெட்ராஸ்காரன் தூக்கிட்டுப் போயிருவான்."

தொகை ஏறியது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கருத்துப் பெட்டியில் நாலாயிரம் என்று எழுதினார். அதற்கு மேல் யாரும் போகவில்லை. அண்ணாச்சி மூன்று தரம் சொல்லி முடித்தார். அடுத்த நிமிடம் அவரது பணமும் வந்துவிட்டது.

அப்போது அண்ணாச்சி சொன்னார்: "மகராசன். திரும்ப ஏலத்துக்கு விடச் சொல்லிட்டாரு. மறுபடியும் ஐநூறு."

கோயம்புத்தூர்க்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்த யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் ஊர் ஏலத்தில் அதுதான் வழக்கம். ஒருவர் எடுத்த பொருளைக் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஏலத்துக்கு விட்டுவிடுவார். ஒரே பூசணிக்காய் நாலைந்து முறை விலைபோகும். கடைசியாக எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவார். எடுத்தவர் வாய் திறக்காவிட்டால் விட்டுக்கொடுத்ததாகவே அர்த்தம். பொருள் வேண்டும் என்றால்தான் எழுந்து வந்து கையில் வாங்குவார்கள்.

இரண்டாம் முறை, மஸ்கட்டில் இருக்கும் வள்ளியூர்க்காரர் ஒருவர் எடுத்தார். அவரே 'திரும்ப விடுங்க அண்ணாச்சி' என்று எழுதினார். மூன்றாம் முறை நாற்காலியில் இருந்த வங்கி ஊழியர் எடுத்து, தாரை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போனார். இன்னும் இரண்டு ஏலம் இதேபோல் விட்டால் கட்டணம் முழுதும் சேர்ந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். புதன்கிழமை அடுத்த ஏலம் என்று அறிவித்தோம்.

திங்கட்கிழமை காலையில் என் போனில் ஒரே படம் பல பேரிடமிருந்து வந்திருந்தது. எங்கள் நேரலையிலிருந்து வெட்டிய மூன்று காட்சிகள். மூன்றிலும் அதே தார், அதே கொக்கி. மேலே பெரிய எழுத்தில்: 'ஏழைப் பெண் படிப்பு என்று சொல்லி ஒரே வாழைத்தாரை மூன்று பேருக்கு விற்ற மோசடி. பெண் யார் என்று காட்ட மறுக்கிறார்கள். உஷார்.' எழுதியவர் கோயம்புத்தூர்க்காரர்.

செய்தி என்ற அளவில் அதில் குறை சொல்ல முடியவில்லை. மூன்று காட்சிகளும் உண்மை. தார் ஒன்றுதான். படம் காட்ட மறுத்ததும் உண்மை. மேசையில் இருந்த காலத்தில் அது என்னிடம் வந்திருந்தால் எதிர்த்தரப்பின் விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பேன்.

பணம் வருவது நின்றது. முன்பு அனுப்பியவர்களில் சிலர் திருப்பிக் கேட்டார்கள். நான் எழுதிப் போட்ட விளக்கத்தை யாரும் பகிரவில்லை.

"நம்மளைப் போயி திருட்டுப்பயன்னு சொல்லுதான்" என்றார் அண்ணாச்சி. கடையில் வியாபாரம் பார்க்காமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "நாப்பது வருசமா ஏலம் விடுதேன். ஒரு பய கேட்டதில்ல."

"அன்னைக்கு நீரு அவன்கிட்ட கேக்காம விட்டதுனாலதான் இப்பக் கேக்கான்" என்றார் டீச்சர்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் பஸ் ஏறி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். அண்ணாச்சியும் நானும் அங்கேதான் இருந்தோம். தலையை இழுத்துப் பின்னி, முகத்துக்குப் பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சுடிதாரில் வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என் படத்தைப் போட்டுருங்க சார்."

"நீதானட்டி வேண்டாம்னு சொன்ன?" என்றார் டீச்சர்.

"போட்டா நம்புவாங்கல்லா. அப்பாவை மண்டியில எல்லாரும் கேலி பண்ணுதாங்க, டீச்சர். 'மூணு பேருக்கு வித்தியே, நாலாவது ஆளு நான் வாரேன்'ங்காங்க. அப்பா ராத்திரி சாப்பிடல."

ஜன்னல் பக்கத்துச் சுவர் வெள்ளையாக இருந்தது. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தது. அவளை அங்கே நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. செய்திக்குப் பொருத்தமான படம். போட்டால் மாலைக்குள் நிலைமை மாறும் என்று எனக்குத் தெரிந்தது. அவளுடைய வகுப்புக் குழுவிலும் மாலைக்குள் வந்துவிடும்.

அதைப் பக்கத்தில் ஏற்றத் தொடங்கியபோது டீச்சர் என் கையைப் பார்த்துச் சொன்னார்: "பொறும். அந்த மனுசன்கிட்ட யாராவது பேசினீங்களா?"

யாரும் பேசியிருக்கவில்லை. பணம் அனுப்பியபோது வந்த எண் என்னிடம் இருந்தது. அழைத்தேன். போனைச் சத்தமாக வைத்ததால் எல்லோரும் கேட்டோம்.

"சொல்லுங்க" என்றார். பம்ப்செட் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் வேலை என்று பிறகு தெரிந்தது. பின்னால் இயந்திர இரைச்சல் கேட்டது.

நான் ஏல வழக்கத்தைச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"உங்க ஊர்ல அப்படியிருக்கலாமுங்க. எனக்கு எப்படீங்க தெரியும்? நாலாயிரம் குடுத்து ஒரு தார் எடுத்திருக்கறேன்னு கூட வேலை செய்யறவங்க கிட்டயெல்லாம் சொல்லிட்டேன். வந்ததும் ஆளுக்கு ரெண்டு பழம்னு சொல்லியிருக்கறேன். சாயங்காலம் வீடியோவைப் பாத்தா அந்தத் தார் ஸ்கூட்டர்ல போகுது. இப்ப என்னைத்தான் எல்லாரும் ஏமாந்தவன்னு சிரிக்கறாங்க."

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

"காசு வேண்டாமுங்க. தார் வேணும்."

அண்ணாச்சி இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தார். "இம்புட்டுதானா? இதுக்கா வே என்னைத் திருடன்னீரு?" என்று போனுக்குக் கேட்கும்படியே சொன்னார்.

அந்தப் பெண் அப்பாவுக்குப் போன் போட்டாள். பிற்பகலுக்கு முன்பே அவர் இன்னொரு கோழிக்கூடு தாரோடு பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டார். முற்றிய காயாகப் பார்த்து எடுத்திருந்தார். சீப்புக்குச் சீப்பு வாழைச்சருகு வைத்து, சாக்கில் பொதிந்து, வாழைநாரால் கட்டியிருந்தார். கோயம்புத்தூர் பேருந்தின் பக்கவாட்டுப் பெட்டியில் அதை நிற்க வைக்க முடியவில்லை. படுக்க வைத்தால் அடிபடும் என்று அவர் விடவில்லை. கடைசியில் கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால் வைக்க இடம் கிடைத்தது.

"இவருக்கு எங்க இறங்கணும்?" என்றார் கண்டக்டர், சாக்கைக் காட்டி.

"கோயம்புத்தூரு. பைய இறக்குங்க" என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை. பேருந்து நகரும்வரை ஜன்னலுக்குக் கீழேயே நின்றார்.

புதன்கிழமை ஏலத்தை ரத்து செய்திருந்தோம். அன்று முற்பகலில் கோயம்புத்தூர்க்காரர் ஒரு படம் போட்டார். கம்பெனி வாசலில், இரண்டு பேர் கம்பில் தூக்கிப் பிடித்த தார். சருகு இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. 'தார் வந்துவிட்டது. நான் எழுதியது தவறான புரிதல். அவர்கள் ஊர் ஏலம் வேறு மாதிரி' என்று எழுதி, வழக்கத்தை நான் சொன்னதைவிடச் சுருக்கமாக விளக்கியிருந்தார். பழைய பதிவை நீக்கவில்லை. அதன் மேலேயே திருத்தத்தைச் சேர்த்திருந்தார். நாளிதழ்கள் திருத்தம் போடும் இடத்தையும் எழுத்தின் அளவையும் அறிந்தவன் என்ற முறையில் எனக்கு அது புதிது.

மோசடி என்று பகிர்ந்தவர்கள் இதையும் பகிர்ந்தார்கள். அதற்குக் கீழே மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வந்து, தங்கள் சபையில் ஒரு சேவல் எத்தனை முறை விலைபோனது என்று எழுதத் தொடங்கினார்கள். எழுதியவர்களில் பலர் பணமும் அனுப்பினார்கள். பெண்ணின் படத்தை அன்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது தாரை.

வியாழக்கிழமை மாலை கல்லூரியில் பணம் கட்டினோம். சேர்க்கைப் படிவத்தில் ஒட்டப் படம் கேட்டார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அன்னைக்கு எடுத்தது இருக்கா சார்?" என்றாள். இருந்தது. எதிரே இருந்த கடையில் அச்செடுத்து ஒட்டினாள். அவளுடைய அடையாள அட்டையில் இருப்பது அந்தப் படம்தான்.

இந்த வருடம் அவளுடைய இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அதே இரும்புக்கடை முன்னால், அதே கொக்கியில் ஒரு தார் தொங்கியது. அண்ணாச்சி ஆரம்பிப்பதற்கு முன்னால் ஏல முறையைச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் உத்தரவு போட்டிருந்தார். அவரும் சொன்னார். "எடுத்தவருக்குத் தார் வேணும்னா வாயைத் திறந்து சொல்லிரணும். பெறகு என்னைத் திருடன்னு எழுதப்பிடாது."

முதல் ஏலத்தை எடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர். பணம் வந்தது. எல்லோரும் கருத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'திரும்ப விடுங்க அண்ணாச்சி' என்று எழுதியிருந்தார்.

அதை நான் சத்தமாகப் படித்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த அந்தப் பெண்ணின் அப்பா, தார் கட்டிவந்த சாக்கிலிருந்து சருகை எடுத்து ஒரு ஓரமாக அடுக்க ஆரம்பித்தார். கோயம்புத்தூருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று என்னிடம் கேட்டார்.

"அவருதான் தார் வேண்டாம்னுட்டாரே" என்றேன்.

"அது அவரு சொல்லுதாரு" என்றார்.