டிரெய்லருக்குப் பின்னால் வந்த ஜீப்

கட்டிலும் அடுப்புமாக ஒரு சிறிய அறையைப் பிக்கப்பின் முதுகில் ஏற்றி, பின்னால் வீட்டுச் சாமான் நிறைந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு, நானும் மனைவியும் கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். அடிவாரத்திலிருந்தே ஒரு ஜீப் தொடர்ந்து வந்தது. ஒதுங்கி வழிவிட்டும் முந்தவில்லை. விளக்கை மட்டும் அணைத்து அணைத்துப் போட்டது. சாமான்மேல்தான் கண் என்று நினைத்துக் கதவுகளைப் பூட்டினேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் நின்றுபோனது. பிரேக்கை எவ்வளவு மிதித்தும் டிரெய்லரின் பாரம் எங்களைப் பின்னுக்கு, பள்ளத்தை நோக்கி இழுத்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஜீப்பிலிருந்து குதித்த எஸ்டேட் பெண்கள் ஆளுக்கொரு பெருங்கல்லுடன் ஓடிவந்தார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

கல் விழவில்லை. வண்டிதான் நின்றது. சக்கரங்களுக்குப் பின்னால் கற்களை அண்டை கொடுத்துவிட்டு ஒரு பெண் சன்னலைத் தட்டினாள்.

"ஏனுங்க, பூட்டிக்கிட்டா வண்டி நின்னுருமுங்களா? டிரெய்லரு நொம்ப இழுக்குதுன்னு கீழ இருந்தே லைட்டு போட்டமுங்களே! பார வண்டி ஏறுனா நாங்க கல்லோடதானுங்க பின்னால வருவோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். டிரெய்லர் உருண்டிருந்தால் முதலில் நசுங்கியிருப்பது அவர்களுடைய ஜீப்தான்.

அதெல்லாம் புரிந்த பிறகும், சன்னலை இறக்க என் கை ஒரு கணம் தயங்கியது. அந்தக் கணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.