வாப்பா எழுதிய சிங்களக் கடிதங்கள்

என் வாப்பா இலங்கை இராணுவத்தில், ஆமியில், சாரதியாக இருந்தவர். கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு, செயற்கைக் காலோடு எங்கள் ஊரான கல்முனைக்குத் திரும்பி வந்தார். நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் எங்கள் பள்ளிச் சீருடைகளை அவரே அயன் பண்ணுவார். மடிப்பு ஒன்று பிசகினாலும் தண்ணீர் தெளித்து முதலிலிருந்து தொடங்குவார்.

ஊர் வேலைகளிலும் அப்படித்தான். வெள்ளம் வந்தால் பள்ளிவாசலில் சமைத்த சோற்றைப் பள்ளமான ஒழுங்கைகளில் உள்ள வீடுகளுக்குக் கொண்டு போவார். இறந்தவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்ட ஆளில்லாத வீடுகளுக்குப் போவார். சிங்களம் தெரியாதவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் போய் அவர்களுக்காகக் கதைப்பார். ஆனால் ஆமியில் இருந்தவர் என்று, அவர் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவரிடம் உதவி வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ் அம்மா எங்கள் வீடு தேடி வந்தார். கையில் மகனின் படம். யுத்த காலத்தில், வயலுக்குப் போன இடத்தில் யாரோ பிடித்துக்கொண்டு போனார்களாம். அதன் பிறகு தகவலே இல்லை. சிங்களத்தில் கடிதம் எழுதுவார் என்று யாரோ வாப்பாவைக் காட்டிவிட்டிருக்கிறார்கள்.

உம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு வாப்பாவைக் குசினிக்குள் கூப்பிட்டு, இந்த விஷயத்தில் தலையிட வேண்டாமென்று மெதுவாகச் சொன்னார். வாப்பா மேசையடியில் போய் இருந்து கடிதத்தை எழுதத் தொடங்கினார்.

அதன் பிறகு மாதத்தில் ஒரு தடவையாவது வாப்பாவும் அந்த அம்மாவும் பஸ் ஏறினார்கள். மகனைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போனார்கள். செயற்கைக் கால் உரசி வாப்பா புண்ணோடு வருவார். உம்மா ஏசிக்கொண்டே மருந்து போடுவார்.

அப்படிப் போய் வந்த ஒரு நாள், முன் அறையில் இருந்தபடி அந்த அம்மா கேட்டார். பக்கத்து அறையில் நான் மாணவர்களின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீங்களும் ஆமியில இருந்த ஆள்தானே. பிடிச்ச பிள்ளையள எங்க கொண்டு போவாங்க?"



"நானும் ஆக்கள ஏத்திக்கொண்டு போயிருக்கன் அக்கா," என்றார் வாப்பா. "சொன்ன இடத்துல இறக்கிவிட்டன். உங்கட மகன் அதுல இருந்தாரா எண்டு எனக்குத் தெரியா. அவங்களுக்குப் பொறகு என்ன நடந்ததெண்டு நான் கேக்கல்ல."

அந்த அம்மா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. எங்கள் மூவரையும் ஆட்டோவில் ஏற்றி டியூஷனுக்குக் கொண்டு போய், வகுப்பு முடியும் வரை வெயிலில் காத்து நின்ற மனிதர் அவர். யாருடைய பிள்ளைகளையோ இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவரும் அவர்தான். இருவரையும் ஒரே ஆளாக நினைக்க எனக்கு முடியவில்லை.

மாதங்கள் போயின. அந்த அம்மா வரவில்லை. வாப்பா தொழுகை முடிந்தும் பாயிலேயே இருப்பார்.

பிறகு ஒரு காலை அந்த அம்மா வந்து வாசலிலேயே நின்றார்.

"அண்டைக்குக் கேக்கல்லயே தம்பி. இப்ப என்னோட வந்து கேளுங்க."

வாப்பா சேர்ட்டை மாற்றிக்கொண்டு அவரோடு வெளிக்கிட்டார்.

சிறுநீரகம் கெட்டு நடக்க முடியாமல் ஆகும்வரை போனார். ஒரு பதிலும் வரவில்லை. போன வருடம் மௌத்தானார். ஜனாஸா வீட்டுக்கு அந்த அம்மா வந்து பெண்களோடு ஒரு மூலையில் இருந்தார். ஆட்கள் கலைந்த பிறகு, இனி யாரோடு போவது என்று என்னிடம் கேட்டார்.

எனக்கும் சிங்களம் ஓரளவு தெரியும். ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். வாப்பா பல தடவை நிரப்பிக் கொடுத்த அதே படிவத்தைத்தான் மறுபடியும் தந்தார்கள். மகனின் வயது என்ற இடத்தில், காணாமல் போன நாளில் இருந்த வயதை எழுதுவதா, இப்போதைய வயதையா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டையும் எழுதுங்க மகள்."

அடுத்த மாதமும் போக வேண்டும் என்று போனில் சொன்னார். பரீட்சைக் காலம் என்று சொல்லிவிட்டேன். பரீட்சை முடிந்து இப்போது மூன்று கிழமை ஆகிறது. நான் இன்னும் அவருக்குப் போன் எடுக்கவில்லை.