கன்சோல் வாயில் சந்தனம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். போடியில் கம்ப்யூட்டர், கேமரா, நெட்வொர்க் வேலை பார்க்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் தொழிலில் கம்பி சேர்ந்திருந்தால் வேலை செய்யும், அறுந்திருந்தால் செய்யாது, நடுவில் சாமிக்கும் இடமில்லை, பூதத்துக்கும் இடமில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் டீயைக் குடித்துவிட்டுப் போங்கள், எனக்கு வருத்தமில்லை.

ஆயுத பூஜை முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டம், அதன் ஆபீஸ் மலை மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது போல இருக்கும், செல்போன் சிக்னல் எட்டாது. எதிர் மலையிலிருந்து டிஷ் வழியாக இன்டர்நெட் வந்து ஒரு பழைய ரவுட்டருக்குள் போகும், அங்கிருந்து வைஃபை. அதைப் பிடித்துத்தான் தோட்டத்தில் தங்கி வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஊருக்குப் பேசுவார்கள். ரவுட்டர் என்றால் வீட்டில் வைக்கிற பிளாஸ்டிக் டப்பா இல்லை, இரும்புப் பெட்டி, முந்தைய முதலாளி காலத்தில் யாரோ வாங்கி வைத்தது, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

நெட் கொடுக்கிறவர்கள் அந்த வாரம் தங்கள் பக்கத்து எண்களை மாற்றிவிட்டார்கள். புது எண்களை ரவுட்டருக்குள் போடும்வரை லைன் கிடையாது. உள்ளே நுழையப் பாஸ்வேர்டு வேண்டும், அது யாருக்கும் தெரியாது. மிச்சமிருந்த ஒரே வழி கன்சோல். பெட்டியின் பின்னால் அதற்கென்று தனியாக ஓர் ஓட்டை உண்டு, அதில் ஒரு நீலக் கம்பியைச் செருகி மறுமுனையை லேப்டாப்பில் செருகினால் பெட்டியோடு நேருக்கு நேர் பேசலாம், பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம். போனதும் முடிகிற வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

நான் மேலே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ரோட்டில் மண் சரிந்துவிட்டது. மறுபக்கம் கேரளாவுக்குப் போகிற ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. மேட்டில் ஏறி நின்றால் எப்போதாவது ஒரு புள்ளி சிக்னல் கிடைக்கும், அன்றைக்கு டவரே செத்துக் கிடந்தது. ஆக உலகத்துக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது அந்த இரும்புப் பெட்டி ஒன்றுதான்.

ஆபீஸ் வாசலில் தலையில் பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்துக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தார். பாண்டியம்மா. ஆபீஸைக் கூட்டித் துடைக்கிறவர், மற்ற நேரத்தில் ஏலக்காய் எடுக்கப் போவார். அவர் மகள் முத்துச்செல்வியைச் சிலமலையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. நிறைமாதம். ராத்திரி வலி கண்டு, கூடவே ஜன்னியும் வந்து, நினைவில்லாமல் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பதாகக் காலை ஜீப்பில் வேலைக்கு வந்த ஆட்கள் சேதி சொல்லியிருக்கிறார்கள்.

“அப்பு, லைன் வந்துருமா?” என்றார்.

“வந்துரும் ஆத்தா, ஒக்காருங்க.”

“ஒக்கார முடியலப்பு. அவளுக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. கைப்பிள்ளையில ஒருக்காப் போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சு நின்னுபோச்சு. அது எனக்கு மட்டுந்தான் தெரியும், அவளுக்கே தெரியாது. அவ புருசன்கிட்டச் சொல்லணும். ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

ரவுட்டர் ஒரு மரத்தட்டில் உயரத்தில், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. மற்ற கம்பிகள் எல்லாம் இழுத்துக் கட்டப்பட்டிருந்ததால் திருப்ப வழியில்லை. இடுக்கில் கையை விட்டுத் தடவி, கம்பி இல்லாத ஓட்டையைக் கண்டுபிடித்துக் கம்பியைச் செருகினேன், இறுக்கமாகத்தான் போனது, பழைய பெட்டிதானே என்று விட்டுவிட்டேன். லேப்டாப்பில் கருப்புத் திரையைத் திறந்து என்டரைத் தட்டினேன். பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. கம்பியை மாற்றினேன். லேப்டாப்பில் செருகுகிற கன்வெர்ட்டரை மாற்றினேன். வேகம் ஒத்துப்போகவில்லையோ என்று இருக்கிற வேகத்தையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். வேகம் தப்பாக இருந்தால் திரையில் கிறுக்கலாவது வரும், எனக்கு அந்தக் கிறுக்கல்கூட வரவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். விளக்குகள் எல்லாம் பச்சையாக ஜம்மென்று எரிந்தன, உள்ளே ஃபேன் ஓடியது, உயிரோடு இருந்துகொண்டே வாயைத் திறக்க மாட்டேன் என்றது. டிஷ் கம்பியை நேராக லேப்டாப்பில் செருகினேன், அந்த லைன் இந்தப் பெட்டியைத் தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. திரையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் விட்டு விட்டு மின்னியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதித்தது.

நடுவில் தோட்டத்து மேனேஜர், மலையாளத்துச் சேட்டன், வந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, காலைலேர்ந்து நோக்குறதல்லே. இதுவரை ஆயில்லையா?”

“ஆனாச் சொல்ல மாட்டேனா?” என்று எரிந்து விழுந்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பாண்டியம்மா நடந்தாவது போகிறேன் என்று ஒருமுறை படியிறங்கிவிட்டார், சரிந்த மண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று ஆட்கள் பிடித்து நிறுத்தினார்கள்.

சோற்று நேரம் தாண்டியது. வெளியே மழையும் மூடுபனியுமாக ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மா என் பின்னால் வந்து நின்றார்.

“சத்தம் போடாதப்பு. அதுகிட்டத் தன்மையாச் சொல்லணும். நான் தெனமும் காலையில, எந்திரி ராசான்னு சொல்லித்தான் தொடைப்பேன். ஒருநாளும் படுத்ததில்ல. நீ ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப் பாரு.”

எனக்கு வந்ததே ஆத்திரம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற மாதிரி இருந்தது. படித்த படிப்பும் பார்த்த வேலையும் போய், பெட்டியிடம் கெஞ்சச் சொல்கிறாரே என்று நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து, அந்த இரும்புப் பெட்டியின் மேல் குனிந்து, நக்கலும் கோபமுமாகக் கத்தினேன்.

“ஏ செவிட்டு மூதேவி, நல்லாக் கேட்டுக்க. முத்துச்செல்விக்குப் பென்சிலின் ஊசி ஆகாதாம். போட்டா மூச்சு நின்னுருமாம். போய்ச் சொல்லித் தொலை.”

வாயில் வந்தது அவ்வளவுதான். உள்ளுக்குள் வேறொரு வார்த்தையும் ஓடியது, அதை அந்த அம்மா முன்னால் வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பெட்டி எப்போதும் போலப் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. திரையில் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது.

இனி ஆவதற்கு ஒன்றுமில்லை என்று கட்டியிருந்த கம்பிகளை எல்லாம் அறுத்து, பெட்டியைத் தட்டிலிருந்து இறக்கித் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். கன்சோல் ஓட்டை முழுக்கச் சந்தனம். அதன் மேல் குங்குமம். காய்ந்து செங்கல் மாதிரி இறுகியிருந்தது, உள்ளே இருக்கிற செம்புக் கம்பிகள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து நான் சந்தனக் கட்டியில்தான் கம்பியைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இது யாரு செஞ்ச வேலை?”

பாண்டியம்மா கிட்டே வந்து பார்த்தார். “ஆயுத பூசைக்கு நான்தான்ப்பு வச்சேன். மத்த ஓட்டையிலெல்லாம் கம்பி இருந்துச்சு. இது ஒண்ணுதான் வெறுமனே கெடந்துச்சு. ஒண்ணை மட்டும் விட்டா ஆகாதேன்னு நெறைச்சு வச்சேன்.”

“போங்க ஆத்தா, ஒங்க கையாலேயே அடைச்சு வச்சுட்டீக” என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் அழவில்லை. சுவரோரமாகப் போய் அப்படியே உட்கார்ந்து, சந்தனம் வைத்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊக்கை வைத்துச் சுரண்டி எடுத்தேன், ஊதினேன், துடைத்தேன், மறுபடி செருகினேன். அப்போதும் பதில் இல்லை. பொழுது சாய்வதற்குள் ரோட்டில் மண்ணை ஒதுக்கி ஒரு ஜீப்பு போகிற அளவுக்கு வழி செய்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. பாண்டியம்மாவை வெரசாக ஏற்றி அனுப்பினோம். நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். அன்றைக்கு முழுக்க அந்த லைன் வரவே இல்லை, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் தாயும் பிள்ளையும் நலம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார். டாக்டர்களுக்குத் தெரியாதா, ஊசி போடும் முன் சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தோட்டத்துக்குப் புதுப் பெட்டி வாங்கி மாட்டிக் கொடுத்தேன், பழையதை என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கடையில் வைத்துப் பிரித்துப் பார்த்தபோது கன்சோல் பக்கத்து சிப் இடி விழுந்து கருகிப் போயிருந்தது, எந்த மழைக்காலத்து இடியோ. சந்தனமே இல்லாவிட்டாலும் அது பேசியிருக்காது. மூடி, கடை அலமாரியில் தூக்கி வைத்தேன். கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, கடையில் பிரிண்டர் ஒன்று பேப்பரைத் தின்றுகொண்டு என் உயிரை வாங்கியது. வழக்கம் போல அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்த ஒரு பையன் வாசலில் நின்று என்னையே பார்த்தான்.

“அண்ணே, அன்னைக்கு ஆசுபத்திரிக்குப் போன் போட்டது நீங்கதான?”

“எந்த ஆசுபத்திரி? நீ யாருப்பா?”

“சிலமலைண்ணே. பேரு ஈஸ்வரன். பாண்டியம்மா மருமகன். இந்தக் குரலை நான் மறக்கவே மாட்டேன்ணே.”

அவன் நம்பரை நான் வாங்கியதே இல்லை. எப்போது வந்தது என்றேன், மத்தியானம், நல்ல மழை நேரம் என்றான். எந்த நம்பரிலிருந்து என்றேன்.

“பதட்டத்துல பாக்கலண்ணே. பெறகு நன்றி சொல்லலாம்னு தேடினேன், அப்படி ஒரு காலே போன்ல இல்ல. நர்சம்மா ஊசிய எடுத்து வச்சிருந்தாக. ஓடிப்போய்ச் சொன்னேன், ஒடனே மாத்திட்டாக. நீங்க மட்டும் சொல்லலேன்னா...” என்று நிறுத்தி, தயங்கித் தயங்கிக் கேட்டான். “ஆனா என்னைய எதுக்குண்ணே செவிட்டு மூதேவின்னு திட்டினீக?”

என் புத்தி அப்போதும் ஒரு கம்பியைத் தேடியது. நான் கத்தியதைப் பாண்டியம்மா கேட்டுக்கொண்டுதானே இருந்தார், அவர் மருமகனிடம் சொல்லியிருப்பார், இவன் ஏதோ நினைவில் போட்டுக் குழப்பிக்கொள்கிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் மேலே பேசினான்.

“திட்டினதுக்குப் போனை வச்சிரலாம்னுதான் பாத்தேன். எவனோ குடிகாரன்னு நெனச்சேன். ஆனா கடைசியா மெதுவா ஒண்ணு சொன்னீகல்ல, ‘அந்தப் பிள்ளை பிழைச்சாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்’னு. அதக் கேட்டுத்தாண்ணே ஓடினேன்.”

அதை நான் சொல்லவே இல்லை. பெட்டியின் மேல் குனிந்திருந்தபோது மனதுக்குள் நினைத்தது மட்டும்தான். என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

பெட்டி இன்னமும் கடை அலமாரியில்தான் இருக்கிறது. கரண்ட் கிடையாது, ஒரு கம்பிகூடக் கிடையாது. எடைக்குப் போடவும் மனசு வரவில்லை. அதன் எதிரில் நான் யாரையும் திட்டுவதில்லை, அதுகூடப் பழகிவிட்டது. அதன் முன்னால் நின்று எதையாவது நினைப்பதற்குத்தான் இப்போதெல்லாம் யோசனையாக இருக்கிறது.