காவலாளியின் பேறுகால விடுப்பு

எழுபதுகளில் பாலக்காட்டுக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்த நான், கோடை விடுமுறைக்கு இடுக்கித் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்புவேன். அங்கே என் தந்தை பெரிய கிளார்க். அவருடைய மாத வருகைப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொடுப்பது என் விடுமுறைப் பணி.

தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என இரண்டு பிரிவுகள். மேல் டிவிஷன்காரர்களின் தொழிலாளர் எண்ணுக்கு முன்னால் ஒரு சைபர் உண்டு. முதலில் குடியேறியவர்கள் என்பதற்கான அடையாளம் அது. குலப்பெருமையைப் போல அதைப் பேணினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சைபரை விட்டுக் கூப்பிட்டால் ஒருவரும் குரல் கொடுக்கமாட்டார்கள்.

ஓர் ஆண்டு கொச்சித் தலைமை அலுவலகத்துக்குக் கணிப்பொறி வந்தது. எங்கள் பட்டியலை அட்டைகளில் துளையிட்டு அதற்கு ஊட்டுவார்கள். அது அகலத் தாளில் அறிக்கையைக் கக்கும். முதல் அறிக்கையின்படி, கீழ் டிவிஷன் இரவுக் காவலாளி, எண் 112, பேறுகால விடுப்பில் இருந்தார். உண்மையில் குழந்தை பெற்றிருந்த மேல் டிவிஷன் கொழுந்துக்காரி, எண் 0112, அறிக்கையிலேயே இல்லை. ஆகவே அவள் வேலையை விட்டவள் என்றும், மாத இறுதிக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்றும் உத்தரவு இணைந்திருந்தது.

அவள் கைக்குழந்தையோடு அலுவலகத்துக்கு வந்தாள். காவலாளியும் அங்கே நின்றார். தம் மனைவி சோறு போடாமல் சிரித்துக்கொண்டே இருப்பதாக அவருக்குக் குறை.

"அண்ணாச்சி, லீவு ஒங்களுக்கு, பிள்ள மட்டும் எனக்கா? இந்தாங்க, நீங்களே வச்சிக்கிடுங்க" என்று குழந்தையை நீட்டினாள். பிறகு என் தந்தையிடம் திரும்பினாள். "அய்யா, பச்சப்பிள்ளயத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

தந்தை கொச்சிக்கு எழுதினார். எண்ணுக்கு முன்னால் 'ஓ' என்னும் ஆங்கில எழுத்து இருந்ததால் நீக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. எங்கள் தட்டச்சுப் பொறியில் சைபருக்குத் தனி விசை கிடையாது. அந்த எழுத்தையே தட்டுவது அலுவலக வழக்கம். எண்ணின் நடுவில் வந்த 'ஓ'வைச் சைபராக ஏற்றவர்களுக்கு, எண்ணின் தொடக்கத்தில் வந்த 'ஓ' எழுத்தாகப் பட்டிருக்கிறது. சைபரை விட்டால் இரண்டு டிவிஷனிலும் மோதும் எண் இது ஒன்றுதான். தந்தை சைபர்களை மையால் வரைந்து மறுபடி அனுப்பினார். எண்ணுக்கு முன்னால் வரும் சைபருக்கு மதிப்பில்லை, கணிப்பொறி அதை அச்சிடாது என்றார்கள்.

சைபருக்குப் பதில் ஒன்பது போடலாமே என்றேன். மேல் டிவிஷன் பெரியவர்கள் கொதித்தார்கள். ஒன்பது நேற்று வந்த எண்ணாம்.

"கௌரவம் பாத்தா எனக்குக் கூரை போயிரும். எனக்கு ஒம்பதே போடுங்க, அய்யா" என்றாள் அவள்.

அவளுக்கு மட்டும் போட்டோம். அடுத்த அறிக்கையில் 9112 முறையாகப் பேறுகால விடுப்பு பெற்றாள், வீடு தங்கியது. ஆனால் 112இன் விடுப்பு ரத்தாகவில்லை. தொடங்கிய விடுப்பைப் பணிக்குத் திரும்பும் படிவமின்றி முடிக்கக் கணிப்பொறிக்குத் தெரியாதாம். ஆகவே ஓர் இரவுகூடக் காவல் தவறாத அந்த மனிதர் வந்து, பேறுகாலம் முடிந்து திரும்பியதாகக் கைநாட்டு வைத்தார். படிவத்தில் தாய், சேய் நிலை என்று நிரப்பாத ஒரு கட்டம் மிஞ்சியிருந்தது. தந்தை நெடுநேரம் யோசித்து, 'இருவரும் நலம்' என்று எழுதினார்.