சாமந்திக்கு இருட்டு கேட்டு ஒரு மனு

பொதுமக்கள் மனு கொடுத்தால் மூன்று நாளில் ஒப்புகை, முப்பது நாளில் பதில். இது விதி. முப்பத்து மூன்று வருடம் அரசு நாற்காலியில் உட்கார்ந்து இந்த விதியை அடுத்தவர்களுக்கு எடுத்துச் சொன்னவன் நான். போன அக்டோபரில்தான் முதல் தடவையாக மேஜையின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன் — ஒரு செடிக்காக.

செடி என்னுடையது அல்ல. எதிர்வீட்டு சரோஜாம்மாவுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். நான்கு வருடத்துக்கு முன் கொடைக்கானல் டூர் போனபோது, கூட வந்தவர்கள் எல்லாம் சாக்லேட் வாங்க, இவர் ரோட்டோர நர்சரியில் ஒரு மலைச் சாமந்தி நாற்று வாங்கினார். ஒற்றை அடுக்கு, வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. தாம்பரம் வெயிலில் ஒரு சித்திரை தாங்காது என்று நான் தீர்ப்பு சொன்னேன். நல்லவேளை, எழுத்துப்பூர்வமாகத் தரவில்லை.

அவர் வாதாடவில்லை. சிட்லபாக்கத்தில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அஸ்திவாரக் கருங்கற்களை லோடு ஆட்டோவில் கொண்டு வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் அவற்றைச் சாய்வாக அடுக்கி, இடுக்கில் ஜல்லியும் மணலும் கொஞ்சம் எருவும் போட்டார். பெரிய கல்லின் கிழக்கு ஓரமாகச் செடி. மதிய வெயிலைக் கல் வாங்கிக்கொள்ளும். எங்கள் காலனிக் களிமண்ணில் மழைத்தண்ணீர் மூன்று நாள் நிற்கும். அந்தக் கற்களுக்கிடையே மூன்று நிமிஷம்கூட நிற்காது.

கத்திரியில் செடி கருகி, வெறும் குச்சியானது. ஆடியில் வேரிலிருந்து புதுசாகக் கிளம்பியது. காலனியில் மற்ற செடிகள் எல்லாம் பூத்து ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியில் ஆற அமரப் பூத்தது. ரிடையர் ஆன பிறகு பூக்கிற ஜாதி... எனக்குப் பிடிக்காமல் போகுமா?

அடுத்த வருடம் எங்கள் தெருவுக்கு சோடியம் விளக்கு வந்தது. கம்பம் நின்றது சரியாக அந்தச் சாமந்திக்கு மேலே. இலை தழைத்தது, பூ இல்லை. ஒரே ஒரு கிளை மட்டும் பூத்தது. அது கேட் தூணின் நிழலில் ஒதுங்கியிருந்த கிளை. நானும் தினமும்தான் பார்த்தேன். அவர் மட்டும்தான் புரிந்துகொண்டார்.

"ராத்திரி நீண்டாத்தான் சார் இது மொட்டு வைக்கும். இந்த லைட்டு அதுக்கு ராத்திரியே வர விடலை."

இதற்கிடையில் சரோஜாம்மாவின் மகன் பிரபு — சிறுசேரியில் சாஃப்ட்வேர் — கார் வாங்கிவிட்டான். நிறுத்த இடம் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே இடம், அந்தப் பாறைத் தோட்டம். அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரு ஒப்பந்தம்: பொங்கலுக்குள் பூத்தால் செடி, பூக்காவிட்டால் கார்.

நான் மனு எழுதினேன். பொருள், பார்வை, வேண்டுகோள் — எல்லாம் முறைப்படி. விளக்கை அணைக்கச் சொல்லவில்லை; வீட்டுப் பக்கமாக ஒரு தகட்டு மறைப்பு போதும் என்றுதான் கேட்டேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், அவர்களும் மனிதர்கள்தான். அங்கிருந்த லைன்மேன் மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை அனுதாபமாகப் பார்த்தார்.

"இன்னா சார் இது? லைட்டு எரியலன்னு எழுதிக் குடு, நாளைக்கே வந்து பாக்குறேன். எரியுதுன்னு எழுதிக்கினு வந்தா எந்த ரெஜிஸ்டர்ல போடுறது?"

எந்த ரெஜிஸ்டர் என்று எனக்கும் தெரியவில்லை. தெருவிளக்குப் புகார் ஏட்டில் போடச் சொல்லிவிட்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டு வந்தேன். 'முப்பது நாளில் பதில் வரும்' என்று சரோஜாம்மாவிடம் கம்பீரமாகச் சொன்னேன்.

"வரட்டும் சார். செடி அதுவரைக்கும் காத்திருக்காதே" என்றார்.

அன்று சாயங்காலம், தண்ணீர்ப் பஞ்சத்தில் வாங்கிய கறுப்பு பிளாஸ்டிக் டிரம்மை மாடியிலிருந்து இறக்கி, செடிமேல் கவிழ்த்தார். மேலே ஒரு செங்கல். தினமும் விளக்கு எரிவதற்கு முன் டிரம் மூடும். காலையில் பால் பாக்கெட் எடுக்க வரும்போது திறக்கும். ஐப்பசி மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வந்து மூடினார். தெருவில் சிலர் சிரித்தார்கள். சாமந்திக்குத் தாலாட்டும் உண்டா என்று ஒருவர் கேட்டார். பிரபு மட்டும் சிரிக்கவில்லை. "டிரம்முக்கு பர்மனென்ட் இடம் குடுத்துட்டே. என் வண்டி தெருவுல கிடக்குதும்மா" என்றான்.

ஒருநாள் இரும்புலியூரில் உறவுக்காரர் கல்யாண ரிசப்ஷன். திரும்ப நேரமாகும் என்று டிரம் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "அஞ்சே முக்காலுக்கு மூடிடுங்க சார். கிளை எதுவும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. நடுவுல திறந்து பாக்காதீங்க." என் சர்வீஸில் இவ்வளவு தெளிவான ஆபீஸ் ஆர்டர் எனக்கு வந்ததில்லை. ஐந்தரைக்கே போய் நின்றேன். மூடிய பிறகு, சுற்றிவந்து குனிந்து சரிபார்த்தேன். இரண்டு தடவை.

முப்பது நாள் ஆனது. பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். அதற்கும் இல்லை. ஆனால் டிரம்முக்குள்ளே மிளகு மிளகாக மொட்டுகள் வந்துவிட்டன.

போகிக்கு முந்தின நாள் காலை. நான் பேப்பர் எடுக்க வெளியே வந்தேன். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய பிரபு, தோளில் பையோடு கற்களுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளை வெளேரென்று கருங்கல்லோடு ஒட்டிக்கொண்டு பூக்கள். அம்மா வாசலுக்கு வந்தார்.

"வண்டிக்கு ஒரு கவர் வாங்கிக்கறேன்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஒரு வருடம் கவனித்துப் பார்ப்பது. காரணம் தெரிந்ததும் தினமும் தவறாமல் செய்வது. நிர்வாகம் என்றால் இதுதானே? பக்கம் பக்கமாக விதி படித்த எனக்கு, டிரம்மைக் கவிழ்க்கத் தோன்றவில்லை.

மனுவுக்குப் பதில் வராமல் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வந்தது. 'தங்கள் தெருவிளக்குப் புகாரின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு, மேற்படி விளக்கு கூடுதல் வெளிச்சம் உள்ளதாக மாற்றப்பட்டுள்ளது. மனு இத்துடன் முடிக்கப்படுகிறது.' கையெழுத்து, முத்திரை, எல்லாம் ஒழுங்கு. கடைசிப் பூ உதிர்ந்து, சரோஜாம்மா செடியை ஒட்ட நறுக்கிவிட்ட அன்று அது என் கைக்கு வந்தது.

தேதி — பிப்ரவரி பதினொன்று. முப்பது நாள் விதிக்கு ஏறக்குறைய நான்கு மாதம்.