கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி

அந்த ஒர்க்ஸ்டேஷனை ஆன் செய்தால் சூடான தூசி வாசம் கிளம்பும். அதன் காற்றாடி இரைச்சலில் வாசலில் போகும் மோட்டார் சைக்கிள் சத்தம்கூடக் கேட்காது...

மலேசியாவில், மூவாரில் ஃபர்னிச்சர் கேட்டலாக் அச்சடிக்கும் கடை. எனக்கு முதல் வேலை. சிங்கப்பூரில் ஏதோ ஆபீஸ் கழித்துவிட்ட அந்த ஒர்க்ஸ்டேஷனை முதலாளி பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் என்னுடைய சாதாரண பிசி. அதில் பெரிய படத்தைத் திறந்துவிட்டு கடையில் தே தாரிக் டீ குடித்து வந்தாலும் பாதிதான் வந்திருக்கும்.

"வேகத்த விடு தங்கச்சி, மெமரிதான் விஷயம்," என்பார் டெக்னீஷியன் குமார் அண்ணன். "பிசி மெமரில ஒண்ணு மாறுனா அதுக்கே தெரியாது லா. இது தப்பு வந்தா தானே திருத்திக்கும்."

அந்த வாரம்தான் சாந்தா அக்கா வந்தார். கணவர் இறந்து பத்து நாள். பதினாறாம் நாள் படையலுக்குப் பெரிய படம் வேண்டும். மற்றதெல்லாம் வெள்ளத்தில் போய், மிஞ்சியது கல்யாணத்துக்கு எடுத்த ஒரே படம்.

"பாத்து செய்ங்கம்மா. அவரு மொகம்னு இது ஒண்ணுதான் இருக்கு."

பிசியில் ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுத்தேன். இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு கறுப்புப் புள்ளி. அக்கா கொடுத்த படத்தில் அது இல்லை. ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி செய்தேன்.

அதே புள்ளி.

"பிசியோட ராம் போயிருச்சு, அந்த மெமரிதான்," என்றார் குமார் அண்ணன். தன் படத்தை வைத்துப் பார்த்தார். சுத்தமாக வந்தது. அக்கா கணவர் படத்தை வைத்தார். அதே இடத்தில் புள்ளி.

"அலமாக்... ராம் கெட்டா கண்ட எடத்துல வரணும். ஒரே எடத்துல எப்படி..."

அவர் பிசியை அணைத்துவிட்டார்.

ஒர்க்ஸ்டேஷனில் ஸ்கேன் செய்தோம். புள்ளி இல்லை. அதையே அச்சடித்து, முதல் பிரிண்டை மேசை டிராயரில் போட்டேன்.

மறுநாள் அக்கா வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. மச்சம் மட்டும்தான் இல்ல. அழகா இருக்கட்டும்னு அப்பவே ஸ்டூடியோக்காரரு அழிச்சிட்டாரு."

அவர் விரல் போய் நின்றது இடது கண்ணுக்குக் கீழே.

நான் டிராயரைத் திறந்து, புள்ளி விழுந்த முதல் பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை.

பிறகு குமார் அண்ணன் அந்த ராமைக் கழற்றிச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் திரும்ப மாட்ட அவருக்கு மனம் வரவில்லை. நான்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது ஜொகூர் பாருவில் வேலை. என் மேசையில் இருக்கும் ஒர்க்ஸ்டேஷனின் மெமரியில் அந்தக் காலத்துப் பிசிகள் நூறு அடங்கும். சத்தமே கிடையாது. தப்பே செய்யாது.

அப்பா போய் எட்டு மாதம். வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில், அவர் புருவத்துத் தழும்பை ஸ்டூடியோவில் அழித்துவிட்டார்கள். அந்தத் தழும்பு இல்லாமல் அவர் யாரோ மாதிரி இருக்கிறார். இந்த மெஷினில் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் அதே வழவழப்பான முகம்தான்.

பழைய ராம் இதில் பொருந்தாது. போன வாரம் அப்பா படத்தைப் பற்றிக் குமார் அண்ணனிடம் சொன்னேன்.

முந்தாநாள் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. "அதே மாடல் பிசி கெடச்சிருச்சு. எடுத்துட்டு வரவா?"

இன்னும் பதில் போடவில்லை...